நமது தரை, கீழ்வீட்டாரின் கூரை

மழைக்காலம் நெருங்கும்போது, சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், யாராவது ஒரு நண்பர் தவறாமல் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் பாத்ரூம் கூரையில் ஈரம் படர்கிறது. மேல்வீட்டாரிடம் சொன்னால், தங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?" சில சமயம் இதே கேள்வி மறுபக்கத்திலிருந்து வரும். "கீழ்வீட்டார் தினமும் மணி அடித்துச் சண்டைக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே!"

நான் பொறியாளன் அல்லன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் சொசைட்டிக்கு 11 ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அந்த 11 ஆண்டுகளில் என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை தண்ணீர் பற்றியவைதாம். அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே தண்ணீர் எனக்கு ஒரு பாடம் நடத்திவிட்டது. அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

1996 மே மாதம். பள்ளி விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் செல்ல டிக்கெட் எடுத்திருந்தோம். எங்கள் கட்டடத்தில் மேல்தொட்டித் தண்ணீரைக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று திறந்துவிடுவார்கள். கிளம்பும் நாளன்று காலைத் தண்ணீர் நின்ற பிறகு, கடைசியாக ஒரு துணியை அலசலாம் என்று பாத்ரூம் குழாயைத் திறந்திருக்கிறோம். தண்ணீர் வரவில்லை. திறந்த குழாயை மூட மறந்து, அந்தத் துணியையும் தரையிலேயே போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு டாக்சி ஏறிவிட்டோம். திறந்தது மனைவியா, நானா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

மாலை ஐந்தரை மணிக்குத் தண்ணீர் வந்தது. தரையில் கிடந்த துணி நகர்ந்து போய்த் தண்ணீர் வெளியேறும் ஜாலியை அடைத்துக்கொண்டது. தண்ணீர் பாத்ரூம் நிலையைத் தாண்டி, ஹாலுக்குள் வந்து, கீழ்வீட்டுக் கூரை வழியே இறங்கியது.

நாங்கள் மூன்றாம் மாடி. நேர் கீழே இரண்டாம் மாடியில் கணவரை இழந்த ஒரு மராட்டிய அம்மையார் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என் மனைவி அவரைக் 'காகு' என்று கூப்பிடுவாள். குழந்தைகளுக்கு அவர் 'ஆஜி'. ஏழு மணிக்கு அவர் வீட்டு ஃபேன் மாட்டும் கொக்கியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. வாட்ச்மேன் வந்து எங்கள் மணியை அடித்திருக்கிறார். வீட்டில் ஆள் இல்லை. சாவி யாரிடமும் இல்லை. ஊர் முகவரியும் யாருக்கும் தெரியாது. மொட்டை மாடியில் எங்கள் வரிசைக்குரிய வால்வை மூடினார்கள். அந்த வரிசையில் இருந்த ஐந்து வீடுகளுக்கும் அன்றிரவு தண்ணீர் இல்லை. மறுநாள் காலை இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு எங்கள் பூட்டை உடைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கதவில் புதிய பூட்டு தொங்கியது. நேரே கீழ்வீட்டுக்குப் போனோம். ஆஜியின் அலமாரிக்கு மேல் துணி சுற்றி வைத்திருந்தது அவர் கணவரின் ஆர்மோனியம். தண்ணீர் சரியாக அதன்மேல் இறங்கியிருக்கிறது. துருத்தியின் ஒட்டு விட்டுப் போயிருந்தது. பழுது பார்ப்பவரிடம் நானே எடுத்துச் சென்றேன். துருத்தியை மாற்றித் தருவதாகவும், பழைய சுருதி திரும்ப வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் அவர் சொன்னார். பணத்தை நான் கொடுத்தேன். சுருதியை யார் கொடுப்பது?

ஆஜி என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "குழாயை மூட மறப்பது யாருக்கும் நடக்கும், அண்ணா. ஒன்பது வருஷமாக என் தலைக்கு மேல் குடியிருக்கிறீர்கள். ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போக இந்தக் கட்டடத்தில் உங்களுக்கு ஒருவரும் இல்லையா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாம் பிழைக்க வந்த ஊரில் நம் சங்கம் உண்டு, நம் கோவில் உண்டு, மாட்டுங்காவில் நம் கடைகள் உண்டு. ஆனால் ஒரு தளம் தள்ளி இருப்பவரிடம் சாவி கொடுக்கும் அளவுக்குப் பழகாமலே ஒன்பது ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது. இந்தக் கட்டுரையில் குழாய், வால்வு, சிமெண்ட் என்று பல சொல்லப் போகிறேன். அத்தனையிலும் முதன்மையானது அந்தச் சாவிதான் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

தண்ணீரின் கணக்கு

சாதாரணக் குழாயைத் திறந்து விட்டால் 15 லிட்டர் வாளி ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் நிறையும். அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். எங்கள் வீட்டில் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை ஓடியது சுமார் 900 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க 236 லிட்டர் போதும். ஆக, ஒன்றரை மணி நேரத்தில் நான்கு அறைகளில் ஓர் அங்குலம் நிற்கும் தண்ணீர் வந்துவிட்டது!

சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயையும் அலட்சியம் செய்ய வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். ஓர் ஆண்டில் ஏறக்குறைய 1,500 லிட்டர். இது சுவருக்குள் மறைந்திருக்கும் குழாயில் நடந்தால், அத்தனையும் சுவருக்குள்ளேயே போகிறது.

கான்கிரீட் தளம் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் மயிரிழை போன்ற வெடிப்புகளும் உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே மெல்ல இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் பொருள். ஆகவே அது உள்ளிருந்தபடியே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிவது இதனால்தான். ஈரத்தின்மேல் பெயிண்ட் அடித்து மறைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியே தெரியாமல் போவது கறை மட்டுமே; உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

எங்கிருந்து ஒழுகுகிறது?

ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தளத்தின் சரிவிலும், மின்கம்பி செல்லும் குழாய்களிலும் தண்ணீர் பல அடி ஓடி, வழி கிடைத்த இடத்தில் இறங்கும். எனவே 'எங்கே' என்று பார்ப்பதைவிட 'எப்போது' என்று பார்ப்பதே நல்ல வழி. ஒரு வாரம் ஒரு தாளில் நேரத்தைக் குறித்து வையுங்கள்.

1. இரவும் பகலும் ஒரே அளவில் ஈரம் இருந்தால், எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயில் கசிவு இருக்கலாம். பழைய கட்டடங்களில் சுவருக்குள் புதைத்த ஜி.ஐ. குழாய்கள் துருப்பிடித்து ஓட்டையாவது சகஜம். தண்ணீர் திறந்துவிடும் வேளையில் மட்டும் ஈரம் கூடினாலும் சந்தேகம் இந்தக் குழாயின்மேல்தான்.

2. மேல்வீட்டில் குளித்தபின், துணி துவைத்தபின் ஈரம் கூடினால், கோளாறு கழிவுநீர் வழியிலோ பாத்ரூம் தரையிலோ இருக்கிறது. தரை ஜாலிக்குக் கீழே கிண்ணம் போல் ஓர் அமைப்பு இருக்கும். மும்பைப் ப்ளம்பர்கள் அதை நஹானி டிராப் என்பார்கள். அதைச் சுற்றியுள்ள பூச்சு விட்டுப் போவதுதான் நான் பார்த்த கசிவுகளில் மிக அதிகம்.

3. மழை பெய்தால் மட்டும் ஈரம் என்றால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், அல்லது மேல்தளமானால் மொட்டை மாடி.

4. ஏ.சி. ஓடும்போது மட்டும் ஈரம் என்றால், அதன் தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் அடைத்திருக்கிறது.

மேல்வீட்டாரின் சம்மதத்துடன் ஒரு சோதனையும் செய்யலாம். ஜாலியைத் துணியால் நன்கு அடைத்துப் பாத்ரூம் தரையில் ஓர் அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். நிலைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே ஈரம் கூடினால் தரையின் பூச்சு பழுது. கூடாவிட்டால், தண்ணீரில் சிறிது நிறப்பொடி கலந்து ஜாலியில் ஊற்றுங்கள். கீழே நிறம் வந்தால் டிராப்பிலோ அதன் குழாயிலோ ஓட்டை. இந்தச் சோதனையை இருவீட்டாரும் சேர்ந்து நின்று பார்ப்பது மிக நல்லது. 'என் வீட்டில் இல்லை' என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஏன் மேல்வீட்டாருக்குத் தெரிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் கட்டடங்களில் பாத்ரூம், கக்கூஸ் இவற்றின் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக அமைத்து, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டுகளாலும் சிமெண்டாலும் நிரப்பி, மேலே டைல் போடுகிறார்கள். டைல் இடுக்கில் புகும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு குளம் போலத் தேங்கி நிற்கும். மேலே தரை காய்ந்திருக்கும். கீழே கூரை அழும். ஆகவே மேல்வீட்டார் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவர்களுக்குத் தெரிவதில்லை.

வீட்டில் செய்யத் தக்கவை

மெயின் வால்வு எங்கே என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்து பாருங்கள். பல ஆண்டுகள் தொடாத வால்வு, வேண்டிய நேரத்தில் திரும்பாது.

தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. திறந்த கையாலேயே மூடுங்கள். 'தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கும்' என்று திறந்து வைப்பது கூடவே கூடாது.

பரணில் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருப்பவர்கள் அதன் பால்காக் சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மிதவை சிக்கிக்கொண்டால் தொட்டி நிரம்பி வழியும். வழியும் தண்ணீர் பாத்ரூமுக்குள் விழும்படி ஒரு குழாய் வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதையும் மறக்க வேண்டாம். 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் பரணின்மேல் அரை டன் உட்கார்ந்திருக்கிறது.

துணி துவைக்கும் எந்திரம் நின்றதும் அதற்கு வரும் குழாயை மூடிவிட வேண்டும். ரப்பர் குழாய் வெடித்து வீடு நிறைந்த கதைகள் எங்கள் கட்டடத்திலேயே இரண்டு உண்டு. குடிநீர் சுத்திகரிக்கும் கருவியின் மெல்லிய குழாய்களையும், கீஸருக்குப் போகும் இணைப்புகளையும் வளைந்து விரிசல் விட்டிருக்கின்றனவா என்று பார்த்து மாற்றுங்கள்.

அடுத்தது நம் சமையலறை. காப்பிப் பொடிச் சக்கை, புளிச் சக்கை, தேங்காய் நார், வடை சுட்ட எண்ணெய் இவை நான்கும் சிங்க்கின் எதிரிகள். எண்ணெய் குழாயின் உட்புறத்தில் படிந்து இறுகும். சக்கை அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து வரும். அதுவும் பொதுக் குழாயில் அடைத்தால், மேலே உள்ள நான்கு வீட்டுத் தண்ணீரும் கீழ்த்தள வீட்டு சிங்க்கில் பொங்கும். சக்கையைக் குப்பைக்கூடையில் போடுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்த பிறகு கழுவுங்கள்.

வீட்டை அழகுபடுத்தும்போது பாத்ரூம் டைலை உடைத்து மாற்றினால், அதற்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் போய்விடும். புதிய பூச்சுப் போட்டு, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே டைல் பதிக்க மேஸ்திரிக்கு அனுமதி கொடுங்கள். பழைய டைலின்மேலேயே புது டைல் ஒட்டுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அடியில் கசிவு இருந்தால் அது மறைந்துதான் போகும், தீராது.

மொட்டை மாடியும் வெளிச்சுவரும்

நம் ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு இடித்துத் தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். மும்பையில் பிரிக்பேட் கோபா என்று செய்வதும் ஏறக்குறைய அதே எண்ணந்தான். செங்கல் துண்டுகளைச் சிமெண்டுக் கலவையில் பதித்து, தண்ணீர் தானே ஓடும்படி சரிவு கொடுப்பது. எந்தப் பூச்சானாலும் சரிவு சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால், ஒரு நாள் உள்ளே இறங்கியே தீரும்.

எனவே மே மாதத்திலேயே சொசைட்டி செய்யவேண்டியவை சில உண்டு. மாடியின் மழைநீர்த் துளைகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றிப் பார்க்க வேண்டும். சுவரோரத்து வெடிப்புகளை அடைக்க வேண்டும். உடைந்த பூந்தொட்டி, பழைய கட்டில் போன்றவற்றை அப்புறப்படுத்த வேண்டும். வெளிச்சுவரில், குழாய் ஓரத்தில் முளைத்திருக்கும் அரசங்கன்றைப் பார்த்தால் உடனே வேரோடு எடுக்க வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தளிர்க்கும். அதன் வேர் போகும் வழியிலேயே தண்ணீரும் போகும்.

தண்ணீர் வந்துவிட்டால்

எத்தனை கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வரலாம். அப்போது வரிசையாகச் செய்யவேண்டியவை:

முதலில் மின்சாரம். கூரையில் ஃபேன், விளக்கு உள்ள இடத்தில் தண்ணீர் இறங்கினால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலடியில் தண்ணீர் நின்றாலோ, கை ஈரமாக இருந்தாலோ சுவிட்சுப் பலகையைத் தொடாதீர்கள். கீழே மீட்டர் அறையில் அணைக்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி உங்கள் வீட்டில் இல்லையென்றால் இந்த மாதமே மாட்டிவிடுங்கள். 30 மில்லி ஆம்பியரில் அணையும் வகை வீட்டுக்கு ஏற்றது.

இரண்டாவது, தண்ணீரை நிறுத்துவது. உங்கள் வால்வை மூடுங்கள். மேல்வீடானால் மணி அடியுங்கள். பூட்டியிருந்தால் வாட்ச்மேனை அழைத்து மாடியில் அந்த வரிசையின் வால்வை மூடச் சொல்லுங்கள். எந்த வால்வு எந்த வரிசைக்கு என்று பெயிண்டில் எழுதி வைக்காத கட்டடங்கள் அநேகம். எங்கள் கட்டடத்திலும் 1996-க்குப் பிறகுதான் எழுதினோம்.

மூன்றாவது, கீழ்வீட்டுக்குச் சொல்வது. உங்கள் தரையில் தண்ணீர் பரவினால், துடைப்பதற்கு ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் கீழே ஓடுங்கள். கட்டிலையும் டிவியையும் நகர்த்த அவர்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். ஆஜியின் ஆர்மோனியத்துக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

நான்காவது, பொய்க்கூரை தண்ணீர் கோத்துப் பானை போல் தொங்கினால், அடியில் நிற்காமல், பக்கத்திலிருந்து ஒரு நீண்ட கம்பால் சிறு துளை போட்டு, வாளியில் இறக்குங்கள். இல்லாவிட்டால் மொத்தமாக இடிந்து விழும்.

பிறகு படம் எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் இது உதவும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும், தொட்டி, குழாய் இவை உடைந்தோ நிரம்பி வழிந்தோ நம் வீட்டுக்கு ஏற்படும் சேதமும் அடங்கும். நனைந்த சுவர் முற்றிலும் காயாமல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். நனைந்த மின்பெட்டிகளை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மீண்டும் போட வேண்டாம்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு

2005 ஜூலை 26-ஐ மும்பைவாசிகள் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை. அதே நாளில் கொலாபாவில் 100 மி.மீ.கூட இல்லை. வெள்ளையர் காலத்து மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும் அளவில் அமைந்தவை. 1993-இல் தயாரான பிரிம்ஸ்டோவாட் என்னும் திட்டம் இதை 50 மி.மீ. ஆக்கப் பரிந்துரைத்தது. கடல் பொங்கும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால், கால்வாயின் வாய் கடலுக்குள் மூழ்கிவிடும். தண்ணீர் போக வழியிராது. ஆகவே மழைக்காலத்தில் கடல் பொங்கும் நேரத்தைச் செய்தித்தாளில் பார்க்கும் பழக்கம் தரைத்தள வீட்டாருக்கு அவசியம்.

தாழ்ந்த இடத்தில் வசிப்பவர்கள் ரேஷன் கார்டு, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். சுவிட்சுப் பலகைகளை உயரத்தில் அமையுங்கள். தண்ணீர் வாசல் வழியே மட்டும் வராது. கக்கூஸ், ஜாலி வழியாகவும் எதிர்த்து வரும். எதிர்ப்போக்கைத் தடுக்கும் வால்வு போடுவது நல்லது. அவசரத்துக்கு மணல் மூட்டையால் அடைக்கலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மின்சாரத்தை அணைத்துவிட்டு மாடி வீட்டுக்குப் போய்விடுங்கள். சாமான் மறுபடி வாங்கலாம்.

வெள்ளம் வடிந்தபின் கீழ்த்தொட்டித் தண்ணீரை அப்படியே மேலே ஏற்றக் கூடாது. முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்டுச் சுத்தம் செய்தபிறகே நிரப்ப வேண்டும். அதுவரை குடிக்கும் தண்ணீரை நன்கு கொதிக்க வையுங்கள். 2005 வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் லெப்டோஸ்பைரோஸிஸ் காய்ச்சல் பலரைத் தாக்கியது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடக்கும்போது, காலில் உள்ள சிறு புண் வழியாகவே அந்தக் கிருமி நுழையும். வெள்ளத்தில் நடந்தவர்கள் சோப்பால் கழுவிக்கொள்வதுடன், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் 'வெள்ளத்தில் நடந்தேன்' என்று சொல்லிக் காட்ட வேண்டும்.

செலவு யாருடையது?

மகாராஷ்டிரத்தின் வீட்டுவசதிக் கூட்டுறவு சங்கங்களுக்கான மாதிரித் துணை விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. மொட்டை மாடி, வெளிச்சுவர், வெளியே செல்லும் பொதுக் குழாய்கள் இவற்றால் வரும் கசிவைச் சொசைட்டி தன் செலவில் பழுது பார்க்க வேண்டும். வீட்டின் உள்ளே பாத்ரூம், கக்கூஸ், சிங்க் இவற்றால் வரும் கசிவுக்கு அந்த வீட்டு உறுப்பினர் பொறுப்பு. முன்கூட்டியே அறிவித்துவிட்டு வீட்டுக்குள் வந்து பார்வையிடக் கமிட்டிக்கு உரிமை உண்டு. 15 முதல் 30 ஆண்டு வரை வயதான கட்டடத்துக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும், 30 ஆண்டைத் தாண்டியதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டட உறுதிச் சோதனை செய்ய வேண்டும். வேறு மாநிலங்களில் இருக்கும் வாசகர்கள் தங்கள் குடியிருப்போர் சங்க விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் என் அனுபவத்தில், மனுவோடு போனவர்களைவிட, மேல்வீட்டாரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஒரு காப்பி கொடுத்துக் கூரையைக் காட்டியவர்களுக்கே சீக்கிரம் வேலை நடந்திருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் செய்வார் என்று காத்திராமல், படத்துடன் அவருக்கு உடனே தெரிவித்துவிடுவது தம்மைக் காத்துக்கொள்ளும் வழி.

ஊருக்குப் போகுமுன்

கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்க ஒரு பட்டியல் தருகிறேன். எங்கள் கதவில் 1996 முதல் இருக்கிறது.

• எல்லாக் குழாய்களையும் கையால் தொட்டு, மூடியிருக்கின்றனவா என்று பார்த்தல்.
• மெயின் வால்வை மூடுதல். பரண் தொட்டிக்குத் தனி வால்வு இருந்தால் அதையும்.
• பாத்ரூம் தரையில் துணி, வாளி, மக் எதுவும் ஜாலி அருகில் இல்லாமல் எடுத்து வைத்தல்.
• துணி எந்திரம், சுத்திகரிப்புக் கருவி, கீஸர் இவற்றின் குழாயும் சுவிட்சும் மூடுதல்.
• மழைக்காலமானால் ஜன்னல்களையும் பால்கனி ஜாலியையும் பார்த்தல்.
• ஊர் முகவரியும் தொலைபேசி எண்ணும் சொசைட்டி அலுவலகத்தில் கொடுத்தல்.
• ஒரு சாவியை, அதே கட்டடத்தில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்தல்.

சாவியைத் தானேயில் இருக்கும் மைத்துனரிடமோ டோம்பிவிலியில் இருக்கும் நம் சங்க நண்பரிடமோ கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரவு பத்து மணிக்கு லோக்கல் ரயில் பிடித்து அவர் வருவதற்குள் 1,000 லிட்டர் இறங்கிவிடும். சாவி படிக்கட்டு தூரத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே எங்கள் சாவி ஒன்று ஆஜியின் சமையலறை ஆணியில் தொங்கத் தொடங்கியது. அவர் நாசிக்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும்போது, அவர் சாவி எங்கள் வீட்டு முருகன் படத்துக்குக் கீழே வரும். ஆஜி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அந்த வீட்டில் அவர் மகன் குடும்பம். சாவி அதே ஆணியில்தான். இருமுறை அது வேலைக்கு வந்திருக்கிறது. ஒருமுறை பால்காக் உடைந்து. இன்னொருமுறை நான் ஊரில் இருக்கும்போது மனைவி வீட்டில் வழுக்கி விழுந்து கதவைத் திறக்க முடியாமல் கிடந்தபோது. இரண்டாவது தடவைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் ஒதுக்கி, வால்வைத் திருப்பிப் பாருங்கள், ஜாலியைச் சுத்தம் செய்யுங்கள், கீழ்வீட்டு மணியை அடித்து, "எங்கள் வீட்டிலிருந்து உங்கள் கூரையில் ஏதாவது ஈரம் தெரிகிறதா?" என்று நீங்களாகவே கேளுங்கள். அவர்கள் கேட்க வருவதற்கு முன் நாம் கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இதுபோன்ற அனுபவங்கள் உள்ள உறுப்பினர்கள் ஆசிரியருக்கு எழுதினால், நம் எல்லோருக்கும் பயன்படும்.